அரிசி சேராத அடை

மூக்காண்டி மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவிலில் பாதித் தெருக்காரர்களுக்கு அவருடைய பெயர் தெரியாது, சத்தம் தெரியும். வாசலில் நின்று "ஈபீ" என்று ஒரு குரல் கொடுப்பார். விசைத்தறி ஓடுகிற வீடுகளில் அது உள்ளே எட்டாது. அதனால் இரண்டாவது குரல் தெருமுனைவரை போகும். வேலையில் இருந்த காலம் முழுக்கக் காலைச் சாப்பாடு என்பது அவருக்கு, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் தட்டில் விழுகிற நாலு இட்லி. அதை ஊறப்போட்டு அரைத்தவள் எப்போது சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்டதில்லை. கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. அது கேட்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

அவர் மனைவி முத்துத்தாய்க்குப் பிறந்த ஊர் வாசுதேவநல்லூர். குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். மூன்று வேளையும் அரிசி தின்று வளர்ந்த உடம்பு. நாற்பது வயதை ஒட்டிச் சுகர் வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே சோற்றைத் தின்றாள். மாத்திரை போட்டுவிட்டால் சுகருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தாயிற்று என்று அந்தத் தெருவில் எல்லோரும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள்.

மகன் பாண்டியராஜனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும் என்று கோமதியம்மனுக்கு ஆடிச்சுற்று நேர்ந்திருந்தாள். பெண் அமைந்தது. ஜெயசித்ரா, தனியார் பள்ளியில் டீச்சர். கல்யாணம் முடிந்த அடுத்த ஆடியில், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய நாட்களில், முத்துத்தாய் கோயிலில் வெறுங்காலோடு சுற்றினாள். வெயில் ஏற ஏறக் கல் கொதித்தது. கூடச் சுற்றிய பெண்கள் "யாத்தே, காலு பொத்துதே" என்று நிழலைப் பார்த்து ஓடினார்கள். முத்துத்தாய் நடந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றாள். "அம்மன் பூப்போலத் தாங்குதா."

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பாதத்தில் தோல் வழன்றிருந்ததைப் பார்த்தாள். அப்போதும் வலிக்கவில்லை. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துத் தடவிக்கொண்டாள். சுண்டுவிரல் கறுத்த பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். கால் மரத்துப் போய் வருடக்கணக்காகிறது, சூடு தெரியாததற்குக் காரணம் அதுதான் என்று அங்கே சொன்னார்கள். விரலை எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

மூக்காண்டியின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மகன் தாலுகா ஆபீஸுக்கும் மருமகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டில் அவரும் முத்துத்தாயும் மட்டும் இருந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போவதை ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். அவள் தனக்கென்று தட்டு எடுக்கவில்லை. மகன் அவசரத்தில் வைத்துவிட்டுப் போன ஒன்றரை இட்லி, மருமகள் பிய்த்துப் போட்டிருந்த தோசை விளிம்பு, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த பொங்கல், இவற்றை ஒன்றாகச் சேர்த்து, மிச்சமிருந்த சாம்பாரை ஊற்றி, நின்றபடியே தின்றாள். அதன்மேல் ஒரு தம்ளர் சீனிக் காப்பி. அதுவும் ஆறிப்போய் மிஞ்சியதுதான்.

"ஏட்டி, எப்பவும் இப்படித்தான் திம்பியா?"

"பெறகு? கொண்டுபோய்த் தெருவுல கொட்டவா?"

முப்பது வருடத்துக்கு மேல் இதே வீட்டில் இருந்தும் இதை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ஊரில் அத்தனை வீட்டு மீட்டர் எங்கே தொங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். தன் வீட்டு அடுக்களைக்குள் என்ன செலவாகிறது என்று பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலிருந்துதான் ஒரு முடிவுக்கு வந்தார். அவளுக்கு மட்டும் பத்தியம் என்று தனியாக ஏதாவது செய்து கொடுத்தால் பயனில்லை. அதையும் தின்பாள், மற்றவர்கள் மிச்சம் வைத்ததையும் தின்பாள். ஆகவே வீட்டில் மிஞ்சுவது எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஆகக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, காலையில் எல்லோரும் அவளுக்கு ஆகிறதையே சாப்பிடுவது.

மறுநாளே மாவரைப்பது நின்றது. வீட்டிலிருந்த சீனி டப்பாவைக் காலி செய்து பக்கத்து வீட்டு மீரா பீவியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மகனின் போனில் யாரோ ஒரு அம்மாள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, பாசிப்பயறை ஊறவைத்து முளைகட்டி, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் வைத்து அரைத்தார். ஒரு கைப்பிடி அரிசிகூடச் சேர்க்கவில்லை. அரிசி சேராத மாவு கல்லைவிட்டு வரமாட்டேன் என்றது. முதல் அடை கல்லோடு ஒட்டிச் சுரண்டலாக வந்தது. இரண்டாவது பாதியாகப் பிளந்தது. முத்துத்தாய் அடுக்களை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு காயல. தண்ணி தெளிச்சுப் பாருங்க."

"தெளிச்சாச்சு."

"சுர்ருன்னு ஓடணும். உங்களது அழுதுக்கிட்டு நிக்கி." கொஞ்ச நேரம் பொறுத்து, "கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. ஓரம் தானா எந்திரிச்சு வரும். மீட்டரு பாக்குற மாதிரி ஏன் குனிஞ்சு குனிஞ்சு பாக்கீய? ரீடிங்கா ஓடுது?" என்றாள்.

மூன்றாவது முழுதாக வந்தது. தட்டில் வைத்து, வறுத்த நிலக்கடலைச் சட்னியோடு அவள் கையில் கொடுத்தார். உட்கார்ந்த இடத்தில் சூடாக ஒரு தட்டு கைக்கு வருவது அவளுக்குப் பழக்கமில்லை. வாங்கிவிட்டு யாரிடமாவது கொடுக்க வேண்டுமோ என்பது போலச் சுற்றிப் பார்த்தாள்.

"தின்னுட்டி. உனக்குத்தான்."

தின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள்.

வீட்டில் கலகம் வந்தது. பாண்டியராஜன் தட்டைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"எப்பா, எனக்கும் சுகரா?"

"உங்க அம்மைக்கு இருக்குல்லா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீ வச்சுட்டுப் போறதத்தான் அவ திங்கா. நீ இட்லி தின்னா அவளும் இட்லி திம்பா. நீ பயறு தின்னா அவளும் பயறு திம்பா. தின்னு."

அவன் தின்றான், அல்லது தின்கிறான் என்று மூக்காண்டி நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து ஜெயசித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "மாமா, அவிய பஸ் ஸ்டாண்டு பக்கம் பூரி தின்னுட்டுத்தான் ஆபீஸ் போறாவ. சட்டையில மசால் வாடை வருது."

"வெளிய எதையும் திங்கட்டும். வீட்டுல மிஞ்சக் கூடாது. அவ்வளவுதான்."

அடுக்களை அவருக்கு மெதுவாகப் பிடிபட்டது. முருங்கைக்கீரையை உருவிப் போட்டு முட்டை ஊற்றினார். செவ்வாய், வெள்ளி வீட்டில் முட்டை கிடையாது. அந்த நாட்களில் காலிபிளவரைத் துருவி, ரவை போல வறுத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து உப்புமா கிண்டினார். கொள்ளை வேகவைத்துத் தேங்காய் போட்டுச் சுண்டல் செய்தார். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிக் கடலை மாவில் பிசைந்து தட்டினார். எதுவும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். ஆனால் ஒருநாள் தவறாமல் செய்தார். முத்துத்தாய் நாற்காலியில் இருந்தபடி தாளிப்பு கருகுவதைச் சொல்வாள், அவர் அடுப்பைக் குறைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போகும்போது, ஓய்வு பெற்ற தபால்காரர் ஆறுமுகச்சாமி கேலி செய்வார். "என்னவே மூக்காண்டி, ஈபீல இருந்து அடுக்களைக்கு டிரான்ஸ்பராமே?"

"டிரான்ஸ்பர் இல்லவே, புரமோசன்."

"சம்பளம் உண்டா?"

"உண்டு. வீட்டுக்காரி திட்டுதா."

மாதம் ஒருமுறை சிஹாபுதீனின் லேபுக்குக் கூட்டிப் போய் ரத்தம் கொடுப்பார்கள். முன்பு வெறும் வயிற்றில் இருநூறைத் தாண்டி நின்ற சுகர் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் இறங்கியது. தாளை நீட்டும்போது சிஹாபுதீனுக்கே முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ், நல்லா கொறஞ்சிருக்கே அண்ணாச்சி. அப்படியே டாக்டர்ட்ட ஒருக்காக் காட்டிருங்க. யூரினும் ஒண்ணு பாத்துக்கிட்டா நல்லது."

"நல்லாருக்கும்போது டாக்டர் எதுக்குப்பா?"

அந்த ஊரில் பெரும்பாலும் அப்படித்தான். லேபில் சுகர் எண்ணைக் கேட்பார்கள். கூடியிருந்தால் டாக்டரிடம் போவார்கள், குறைந்திருந்தால் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மூக்காண்டியும் வீட்டுக்குப் போனார். போகிற வழியில் பார்த்தவர்களிடம் எண்ணைச் சொன்னார். தெருவில் நாலு பேர் பயறு அடைக்குப் பக்குவம் கேட்டு வந்தார்கள். தன் வாழ்க்கையில் தானாகச் செய்து, கண்ணுக்கு முன்னால் பலித்த காரியம் இது ஒன்றுதான் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

முத்துத்தாய்க்கு இதற்கிடையில் உடம்பு வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகப் பதிந்து நின்றது. உட்கார்ந்தே இருப்பதால் நீர் இறங்குகிறது என்று சொல்லிவிட்டாள். முதுகு அரித்தது. வேர்க்குரு என்றாள். தட்டில் பாதி அடை மிஞ்சத் தொடங்கியது. பயறு வயிற்றில் நிற்கும், அதனால்தான் பசி மட்டுப்பட்டிருக்கிறது என்று மூக்காண்டி அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அந்த மாதம் சுகர் இன்னும் குறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. காலிபிளவர் உப்புமாவைக் கிண்டி முத்துத்தாய் கையில் கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவள் நெற்றியிலிருந்து தண்ணீர் ஊற்றுவது போல வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

"அண்ணன் மடை தொறந்துட்டானா?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் இறந்து பல வருடமாகிறது. "தண்ணி வருதான்னு பாரு, போ."

ஜெயசித்ரா பள்ளிக்குக் கிளம்பிச் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இப்படி வந்து பார்த்திருந்தாள். "மாமா, சுகர் இறங்கிருச்சு. சீனி குடுங்க, சீனி, சீக்கிரம்!"

மூக்காண்டி அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். பயறு, கொள்ளு, நிலக்கடலை, பொட்டுக்கடலை, சீரகம். அந்த வீட்டில் ஒரு சிட்டிகை சீனி இல்லை. வெல்லம் இல்லை. ஒரு வாழைப்பழம்கூட இல்லை. தன் கையாலேயே எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அனுப்பியிருந்தார். டப்பாக்களைத் திறந்து வைத்தபடி அவர் நின்ற நிலையை ஜெயசித்ரா பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அவள் வாசலுக்கு ஓடிக் கத்தினாள். மீரா பீவி முக்காடு சரிய ஒரு கிண்ணத்தோடு ஓடிவந்தாள்.

"வாயத் தொற தாயி. முத்துத்தாயி, இந்தா பாரு, நான்தான் மீரா."

சீனியைத் தண்ணீரில் குழைத்து நாக்கில் தடவித் தடவி விட்டாள். கொஞ்ச நேரத்தில் முத்துத்தாய் கண்ணைச் சுருக்கினாள். கூடி நின்றவர்களைப் பார்த்து, "என்னட்டி எல்லாரும் இங்கன நிக்கீய?" என்றாள்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்த பெண் டாக்டர் சின்ன வயதுக்காரி. மூக்காண்டியை உட்காரச் சொன்னாள். இரண்டு சிறுநீரகமும் பெரும்பகுதி போய்விட்டது என்று சொன்னாள். பாண்டியராஜன் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

மூக்காண்டிக்கு அது காதில் ஏறவில்லை. "சுகர் நல்லா கொறஞ்சிருந்துதும்மா. மாசாமாசம் பாத்தோம். நான்தான் சமைக்கேன். அரிசியே கெடையாது" என்று ரிப்போர்ட்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

டாக்டர் அவற்றை ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதற்காகவே பின்னால் பாண்டியராஜனுக்கு அவள்மேல் மரியாதை இருந்தது.

"ஐயா, கிட்னி கெட்டுப்போனா சுகர் தானாவே இறங்கும். போட்ட மாத்திரை உடம்பை விட்டு வெளிய போகாது, உள்ளயே தங்கித் தங்கி சுகரை இறக்கும். அம்மாவுக்கு அதுதான் நடந்திருக்கு."

"அப்போ நான் செஞ்ச அடை?"

"அதனாலயும் கொஞ்சம் இறங்கியிருக்கும்."

"எவ்வளவு அதனால, எவ்வளவு இதனால?"

"அதச் சொல்ல முடியாதுங்க."

மூக்காண்டி தன் வேலைக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் ரீடிங் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர், சிக்கனமாக இருக்கிறோம் அண்ணாச்சி என்பார். அவர் நம்ப மாட்டார். மூடியைத் தட்டி, சக்கரம் சுழல்கிறதா என்று பார்ப்பார். பாதி வீடுகளில் மீட்டர் செத்திருக்கும். இளம் ஆட்களுக்கு அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். எண் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தோஷமான எண்ணை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவில்லை.

"நான் குடுத்த பயறுதான் கிட்னியக் கெடுத்துதா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"இல்லைங்க. இது பல வருஷச் சுகரு, பிரஷரும் கூட இருந்திருக்கு. முன்னாடியே வந்திருந்தா கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்." அவள் பேனாவை எடுத்தாள். "ஆனா இனிமே பயறு, கடலை, முட்டை எல்லாம் ரொம்ப அளவா. தேங்காய் வேண்டாம். கீரைய வேகவச்சுத் தண்ணிய வடிச்சிட்டுக் கொஞ்சம் கொடுங்க. உப்பு கொறைங்க. காலையில ரெண்டு இட்லி சாப்பிடட்டும்."

"இட்லியா?"

"ஆமா. இட்லி பரவாயில்ல."

அவர் சிரித்தார். டாக்டருக்குப் புரியவில்லை. பாண்டியராஜன் அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பினான்.

வாரத்துக்கு இருமுறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மூக்காண்டிதான் கூடப் போவார். திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாள். ஒருநாள் அப்படி வரும்போது கேட்டார்.

"ஏளா, உனக்கு முன்னாடியே தெரியலையா? கால் வீங்குனது, சாப்பாடு எறங்காதது. ஒண்ணுமே தோணலையா?"

"வாயி இரும்பக் கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள் கண்ணைத் திறக்காமல். "ரொம்ப நாளா."

"சொல்லிருக்கலாம்லா?"

கண்டக்டர் யாரையோ பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னா நிப்பாட்டிருவீயளே" என்றாள்.

"என்னத்த நிப்பாட்ட?"

"அடுக்களைக்கு வாரத." பிறகு கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். "காலம்பற நான் சேர்ல இருக்க, நீங்க அங்கன நின்னு அடி பிடிக்க விடுவீய, நான் சொல்லச் சொல்லத் திருப்புவீய. எனக்கு அது நல்லாருந்துச்சு. ஆஸ்பத்திரின்னு போனா வேற என்னத்தையாவது சொல்லி அதக் கெடுத்துருவாவன்னு இருந்தேன்."

மூக்காண்டி சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது? அவளுக்காகத்தான் அவர் அடுப்படியில் நின்றார். அவர் அங்கே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் மனத்திலும் தப்பு இல்லை. அதனால் அவருக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

அவர் நிறுத்தவில்லை. அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு மாவரைக்கப் பழகினார். அவருடைய இட்லி கல் போல வந்தது.

"எறிஞ்சா நாய் ஓடும்" என்றாள் முத்துத்தாய்.

உளுந்தைக் கூட்டிப் போடச் சொன்னாள். நாற்காலியில் உட்கார முடியாத நாட்களில் கட்டிலில் இருந்தே குரல் கொடுத்தாள். தேங்காய் இல்லாமல், உப்பு குறைத்து ஒரு சட்னி அரைத்துப் பார்த்தார். பாண்டியராஜன் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வீட்டில் இட்லி இருந்தது. அவன் அதைத் தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போனான். எல்லோரும் ஆசைப்பட்டபடி இட்லி திரும்பி வந்துவிட்டது. அதற்காக யாரும் சந்தோஷப்பட முடியவில்லை.

முத்துத்தாய்க்கு ஒரு இட்லி இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் காலை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அந்தப் பயத்தம் அடை ஒண்ணு சுடுங்களேன்" என்று கேட்டாள்.

"அது ஆகாதுன்னு சொல்லிருக்காவளே."

"ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாம்ட்டி."

"சரி" என்றாள். வற்புறுத்தவில்லை. அவளுக்கு எதையும் வற்புறுத்திக் கேட்டுப் பழக்கமில்லை. அவர் அடுக்களைக்குப் போய், அடுப்பைப் பற்ற வைக்காமல் வெகுநேரம் நின்றார். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. கொடுக்காததனால் என்ன மிச்சமாயிற்று என்பதும் தெரியாது. மார்கழி முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் முத்துத்தாய்க்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் ஊர் எல்லையைத் தாண்டியபோது அவள் கை அவர் கைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, கை மட்டும்தான் இருந்தது.

காரியங்கள் முடிந்தன. ஜெயசித்ரா காலையில் இட்லி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். மூக்காண்டி தின்பார், தட்டைக் கழுவி வைப்பார். அடுக்களையில் நிற்பதில்லை. சாயங்கால நடையும் நின்றுபோயிற்று.

மாசியில் ஒரு காலை ஆறுமுகச்சாமி வந்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார். வெயில் முன்னாலேயே தொடங்கிவிட்டதைப் பற்றிப் பேசினார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டுல அவளுக்குச் சுகர் ரொம்பக் கூடிப்போச்சுவே. கேக்கக் கூச்சமா இருக்கு. நீரு மதினிக்குச் செஞ்சு குடுப்பீருல்லா, அந்த அடை. அதுக்கு எப்படிப் பக்குவம்?"

மூக்காண்டி அடுக்களைப் பக்கம் பார்த்தார். ஆறுமுகச்சாமி, தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று எழப்போனார்.

"இரும்வே" என்றார் மூக்காண்டி. "டாக்டர்ட்ட போனீரா?"

"மாத்திரை திங்காளே. பழைய சீட்டு இருக்கு."

"எத்தனை வருசப் பழசு?"

ஆறுமுகச்சாமி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மூக்காண்டி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி, ஆறுமுகச்சாமியின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு சிஹாபுதீனின் லேபுக்கு நடந்தார். அந்த அம்மாள் வழியெல்லாம் "எனக்கு ஒண்ணும் செய்யலையே அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் அவளுடைய கணுக்காலைப் பார்த்தபடி ஒரு எட்டு பின்னால் நடந்தார்.

அவரைப் பார்த்ததும் சிஹாபுதீன் எழுந்து நின்றான். "வாங்கண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

"இந்த அம்மாவுக்கு எல்லாம் பாருப்பா. சுகர் மட்டும் இல்ல."

ஊசி குத்தி ரத்தம் எடுத்தான். பிறகு சிறுநீர் பிடிப்பதற்கு மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான். அந்த அம்மாள் வெட்கப்பட்டுப் புருஷனைப் பார்த்தாள். ஆறுமுகச்சாமி மூக்காண்டியைப் பார்த்தார்.

"இது எதுக்குவே? நாம சுகருக்குத்தான வந்தோம். நான் அடைப் பக்குவம்லா கேட்டேன்?"

"சொல்லுதேன்" என்றார் மூக்காண்டி. "மொதல்ல அத வாங்கும்."